முதலில் இட்டேரியை அளந்துவிடுங்கள்

நகரத்து வேலையை விட்டு நிலத்துக்குத் திரும்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

பெங்களூரிலும் சென்னையிலும் பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, பாட்டன் விட்டுப்போன மூன்று ஏக்கரையோ சேமிப்பைப் போட்டு வாங்கிய நான்கு ஏக்கரையோ நம்பி ஊருக்கு வந்துகொண்டிருக்கிறீர்கள். கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றி மட்டும் அப்படி வந்த இருபது குடும்பங்களாவது எனக்குப் பழக்கம். உங்களில் பாதிப்பேர் நிலத்தை உழுதவன் நான். முப்பத்திரண்டு வருடமாக வாடகை டிராக்டர் ஓட்டுகிறேன். இப்போது வீட்டில் 45 ஹெச்பி வண்டி ஒன்றும் 24 ஹெச்பி வண்டி ஒன்றும் நிற்கின்றன. நீங்கள் வந்து ஆறு மாதத்துக்குள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எந்த டிராக்டர் வாங்கலாம்?" வரப்பில் நின்று ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிகிற கேள்வி இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு வீட்டிலிருந்து ரோட்டாவேட்டர் ஓட்டக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வாசல் வேப்பமரத்தடியில் 50 ஹெச்பி வண்டி ஒன்று நிற்கிறது. பானெட் மேல் வேப்பம்பழம் விழுந்து காய்ந்து ஒட்டியிருக்கிறது. டயரின் ரப்பர் முள் கூட முழுதாகத் தேயவில்லை. மணி மீட்டரைப் பார்த்தேன், 118 மணி நேரம். வாங்கி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. சொந்த வண்டி இருக்க என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று கேட்கவில்லை. அந்தத் தம்பியே தோப்புக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். ஒன்பதடிக்கு ஒன்பதடி நட்ட பாக்கு, வரிசையோரம் சொட்டுநீர்க் குழாய். அந்த வண்டி ஏறக்குறைய ஆறடி அகலம், பின்னால் மாட்டிய ரோட்டாவேட்டர் அதைவிட அகலம். முதல் வருடம் ஒரே ஒரு தடவை உள்ளே விட்டிருக்கிறார். நான்கு மரத்தில் பட்டை உரிந்திருந்தது, தழும்பு இன்னும் தெரிகிறது. குழாய் இரண்டு வரிசை சுருண்டு கத்தியில் மாட்டிக்கொண்டதாம். அதோடு வண்டி வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டது. தவணை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்பதாயிரத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் ஒன்றும் அவசரக்காரர் இல்லை. நாலு பேரை விசாரித்துத்தான் வாங்கினார். எல்லோரும் சொன்னது, "வாங்கறதே வாங்கறீங்க, பெருசா வாங்கிப் போடுங்க, பின்னாடி ஆகும்" என்பதுதான். நிலத்தைப் பார்க்காமல் சொன்ன வார்த்தை அது. இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கு ஏக்கர், வருடம் இரண்டு போகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு போகத்துக்கு ஐந்து கலப்பை ஒரு சால், ஒன்பது கலப்பை ஒரு சால், ரோட்டாவேட்டர் ஒரு சால், அப்புறம் பார் பிடிப்பது. தாராளமாகவே போட்டாலும் ஏக்கருக்கு ஐந்து மணி நேரம். நான்கு ஏக்கருக்கு இருபது, இரண்டு போகத்துக்கு நாற்பது மணி நேரம். மணிக்கு 1,200 ரூபாய் என்று நான் வாங்கும் வாடகையில் வருடத்துக்கு 48,000 ரூபாய். டீசல், டிரைவர் கூலி, தேய்மானம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். ஆறு லட்சம் கடனை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் கட்டினால் ஆறு மாதத் தவணை ஏறக்குறைய 81,500 ரூபாய், வருடத்துக்கு 1,63,000. அதற்கு மேல் டீசல், இன்சூரன்ஸ், ஆயில், டயர். ஒரு டிராக்டர் தன் விலைக்கு ஈடு கொடுக்க வருடம் 800 முதல் 1,000 மணி நேரம் ஓட வேண்டும் என்று சொல்வார்கள். என் அனுபவமும் அதுவே. நாற்பது மணி நேர வேலைக்கு ஆயிரம் மணி நேர வண்டியை வாங்கினால் அந்தக் கடனை நிலத்தால் அடைக்க முடியாது. நகரத்துச் சேமிப்புதான் அடைக்கும். அது எத்தனை வருடம் தாங்கும்?

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏக்கரில் சொன்னால் இரண்டுக்கும் குறைவு. அதாவது பெரிய டிராக்டர் சொந்தமாகத் தேவைப்படாத விவசாயிதான் இங்கே பெரும்பான்மை. தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2016-ல் தஞ்சை மாவட்டத்தில் டிராக்டர் கடனுக்காக ஒரு விவசாயியை வயல்வெளியில் அடித்து இழுத்துப் போன காட்சி தொலைக்காட்சியில் ஓடியபோது, எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவரும் பேசவில்லை. எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு தவணை இருந்தது.

"அப்ப வாங்கவே வேண்டாமாண்ணா?" என்று கேட்பீர்கள். வாங்குங்கள். உங்களுக்கு ஏன் சொந்த வண்டி வேண்டும் என்று எனக்குத் தெரியும். மழை பெய்து மூன்றாம் நாள் செம்மண் காட்டில் உழவுக்குப் பதம் இருக்கும். ஐந்தாம் நாள் இருக்காது. அந்த இரண்டு நாளில் என்னை நாற்பது பேர் கூப்பிடுகிறார்கள். முதலில் பெரிய காடு, அப்புறம் பழைய பழக்கம், கடைசியில்தான் உங்கள் நான்கு ஏக்கர். நான் வரும்போது பதம் தப்பியிருக்கும். கட்டி கட்டியாகப் பெயரும், உங்கள் முகம் வாடும். அதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வாடகையை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த இரண்டு நாளை மனதில் வைத்துக்கொண்டு 50 ஹெச்பி வாங்குவதும், வருடத்துக்கு ஒரு தடவை வரும் விருந்துக்காகக் கல்யாண மண்டபம் கட்டுவதும் ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு தடவை, பத்து நாளைக்கு ஒரு தடவை உங்கள் கை ஓயாமல் செய்யும் வேலை எது என்று பாருங்கள். களை ஓட்டுவது, மருந்தடிப்பது, எரு இழுப்பது, பார் அணைப்பது. வாங்கும் வண்டி அதற்குப் பொருந்த வேண்டும். முதல் உழவு, சேறடிப்பு, உளிக்கலப்பை மாதிரியான பெரிய வேலைக்குப் பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடுங்கள்.

இப்போது அளவு எடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஹெச்பியிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் டேப்பிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் தோட்டத்துக்குப் போகும் இட்டேரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டுவண்டி போன தடம். பாட்டன் காலத்தில் எட்டடி, பத்தடி இருந்தது. வேலி உள்ளே சாய்ந்து இப்போது பல இடத்தில் ஏழடிகூடத் தேறாது. வளைவில் இன்னும் குறையும். அதில் ஆறடி ரோட்டாவேட்டரைத் தூக்கிக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் கிளுவை முறியும், அடுத்த தோட்டத்துக்காரர் சண்டைக்கு வருவார். இட்டேரி, வாய்க்கால் மேல் போட்ட கல் பாலம், வேலிக் கடவு, ஷெட்டின் வாசல் என்று வண்டி போகும் வழியை முழுக்க அளந்து, மிகக் குறுகலான இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கல் பாலம் எத்தனை எடை தாங்கும் என்பதையும் விசாரியுங்கள். 45 ஹெச்பி வண்டியே ஏறக்குறைய இரண்டு டன். 24 ஹெச்பி வண்டிகள் அதைவிட எவ்வளவோ லேசு.

அடுத்தது பயிர் இடைவெளி. தென்னை 25 அடிக்கு 25 அடி என்றால் எந்த வண்டியும் போகும். பாக்கு ஒன்பதடி. வாழை ஆறடி, இலை விரிந்துவிட்டால் அதுவும் இல்லை. மஞ்சளில் பார் பிடித்த பிறகு எந்த டிராக்டரும் இறங்காது, கைக்களையும் பவர் வீடரும்தான். உங்கள் நிலத்தில் எதை எத்தனை அடியில் நடப்போகிறீர்கள் என்பது முடிவாகாமல் வண்டி வாங்காதீர்கள். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதல் ஒரு வருடம் வாடகையில் ஓட்டுங்கள், வண்டியை இரண்டாம் வருடம் பார்க்கலாம். அந்த ஒரு வருடத்தில் உங்கள் மண்ணும் உங்களுக்குப் பழகிவிடும்.

மூன்றாவது, கருவி. டிராக்டர் தானாக எதையும் உழுவதில்லை, பின்னால் மாட்டியிருப்பதுதான் உழுகிறது. எத்தனை அடி ரோட்டாவேட்டர் உங்கள் வரிசைக்குள் போகும் என்று தெரிந்தால் ஹெச்பி தானாக வந்து நிற்கும். மூன்று, மூன்றரை அடி ரோட்டாவேட்டருக்கு 20 முதல் 25 ஹெச்பி போதும். ஐந்தடிக்கு 35-க்கு மேல் வேண்டும். ஆறடி என்றால் 45-க்குக் குறைந்து இழுக்காதீர்கள். இன்ஜின் மேல் எழுதியிருக்கும் ஹெச்பி முழுக்கப் பின்னால் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். வண்டியின் பின்னால் கருவியைச் சுழற்றும் பிடிஓ தண்டுக்கு ஏறக்குறைய 85 சதவீதம்தான் வந்து சேரும். ரோட்டாவேட்டரைச் சுற்றுவது அந்தக் கணக்குதான். விற்பவரிடம் "பிடிஓ ஹெச்பி எவ்வளவு?" என்று கேளுங்கள்.

மூன்றடி ரோட்டாவேட்டரை மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திருப்பும் நேரத்தையும் சேர்த்து, ஒரு ஏக்கர் முடிக்க இரண்டே கால் மணி நேரம் ஆகும். ஆறடியை மூன்று கிலோமீட்டரில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் முடியும். பெரியது வேகம், அதை மறைக்கவில்லை. ஆனால் நான்கு ஏக்கர்க்காரருக்கு அந்த வித்தியாசம் ஐந்து மணி நேரம், அதாவது ஒரு பகல். அந்த ஒரு பகலுக்காக லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று வரப்பு போட்டுப் பிரித்த வயலில் பெரிய வண்டியின் வேகம் திரும்புவதிலேயே போய்விடும். மூலை நான்கும் உழாமல் நிற்கும், மண்வெட்டிக்கு ஆள் தேட வேண்டும்.

எடை கூடினால்தான் பலம் என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பேச்சை மாற்றிய மனிதர் ஹாரி ஃபெர்குசன், அயர்லாந்துக்காரர். நம் டிராக்டர்களின் பின்னால் மூன்று கைகள் இருக்கின்றனவே, கீழே இரண்டு, மேலே ஒன்று, அந்த அமைப்பு அவர் கொடுத்தது. அதற்கு முன்னால் கலப்பையைச் சங்கிலியிலோ கொக்கியிலோ கோத்து இழுத்தார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் வண்டி முன்பக்கம் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடும். அதைத் தவிர்க்க வண்டியின் எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கலப்பை மண்ணை இழுக்கும் விசையே வண்டியின் பின் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும்படி ஃபெர்குசன் மூன்று கைகளை அமைத்தார். 1939-ல் ஹென்றி ஃபோர்டுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த வண்டி ஏறக்குறைய ஒரு டன்தான். சென்னை செம்பியத்தில் ஆலை வைத்திருக்கும் டாஃபே நிறுவனத்தின் மாஸ்ஸி ஃபெர்குசன் வண்டியில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. சின்ன வண்டியை எடைக்குறைவு என்று ஒதுக்கும்போது எனக்கு அவர் நினைவு வரும். அந்த எடைக்குறைவுக்குத்தான் அவர் அத்தனை பாடுபட்டார்.

எடை நம் மண்ணுக்குச் செய்யும் கெடுதலையும் சொல்ல வேண்டும். ஈரம் அதிகமாக இருக்கும்போது இரண்டு டன் வண்டி ஓடினால் மேலே பூப்போல இருக்கும், உழவு ஆழத்துக்குக் கீழே மண் இறுகும். ரோட்டாவேட்டரை ஒரே ஆழத்தில் போகத்துக்குப் போகம் ஓட்டினாலும் கத்தி தொடும் ஆழத்துக்குக் கீழே கடினத் தட்டு விழும். மஞ்சள் தோண்டும்போது கிழங்கு கீழே இறங்காமல் பக்கவாட்டில் தட்டையாக வளர்ந்திருந்தால் அந்தத் தட்டுதான் காரணமா என்று தோண்டிப் பாருங்கள். மழை பெய்து மறுநாளும் தண்ணீர் நின்றால் அப்போதும் அதையே சந்தேகப்படுங்கள். கடினத் தட்டு விழுந்த மண்ணில் மூன்று வருடத்துக்கு ஒரு முறை உளிக்கலப்பை போடச் சொல்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். அதைச் சின்ன வண்டி இழுக்காது. அந்த ஒரு நாளைக்குப் பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடுங்கள்.

என் தீர்ப்பை இனிச் சொல்கிறேன். இரண்டு ஏக்கருக்குள் என்றால் டிராக்டர் வேண்டாம். பவர் வீடர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, உழவுக்கு ஆள் கூப்பிடுங்கள். பவர் டில்லர் நல்ல கருவிதான், ஆனால் இரண்டடி அகலத்தில் ஒரு ஏக்கரை முடிக்க ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் அதன் பின்னால் நடக்க வேண்டும், கை அதிர்வோடு. இருக்கை மாட்டிய டில்லர் கிடைத்தால் பாருங்கள். மூன்று முதல் ஐந்து ஏக்கர், பாக்கோ வாழையோ பழமரமோ காய்கறியோ கலந்து வைப்பவர்கள் 20 முதல் 28 ஹெச்பிக்குள், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாகப் பாருங்கள். மஹிந்திரா ஜிவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி 2441 போன்றவை 24 ஹெச்பி வண்டிகள். யுவராஜ் 215 என்று 15 ஹெச்பியிலும் வண்டி உண்டு. வரிசைக்கிடையே களை ஓட்டுவதற்கு அது போதும், காய்ந்த காட்டில் முதல் உழவுக்கு வைத்துத் திணறடிக்கக் கூடாது. ஐந்தாறு ஏக்கருக்கு மேல் திறந்த காடு, தென்னை, சோளம், கடலை என்றால் 35 முதல் 40. அக்கம்பக்கத்துக்கு வாடகை ஓட்டும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் மட்டும் 45. "வாடகைக்கும் விட்டுக்கலாம்" என்று கடைக்காரர் சொல்வார். டிரைவருக்குச் சோறு போட்டு, நள்ளிரவில் பஞ்சர் பார்த்து, ஆறு மாதம் கழித்துப் பணம் கேட்டு வீடு வீடாக நடப்பது ஒரு முழுத் தொழில். அதைச் செய்யத் தயாரா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. சேற்றில் எடை குறைந்த நான்கு சக்கர இழுவை வண்டி கேஜ் வீல் என்னும் இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டு நன்றாகவே போகும், சேறு முழங்காலுக்குள் இருக்கும்வரை. அதற்கு மேல் ஆழம் இருக்கும் வயல் ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிரண்டு உண்டு. எது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கே சொந்த வண்டியை இறக்காதீர்கள்.

சின்ன வண்டியில் பெரிய கருவியை மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். 24 ஹெச்பி வண்டியில் ஐந்தடி ரோட்டாவேட்டரை மாட்டித் தூக்கிப் பாருங்கள், ஸ்டியரிங் காற்றில் சுற்றுவது போல லேசாகிவிடும். முன்சக்கரம் மண்ணைத் தொட்டும் தொடாமல் நிற்கிறது என்று அர்த்தம். வரப்பில் ஏறும்போது அந்த வண்டி மல்லாந்துவிடும். அதேபோல் சின்ன வண்டியில் பெரிய டிரெய்லர். மேட்டில் இழுத்துவிடும், இறக்கத்தில்தான் ஆபத்து. மூன்று டன் எருவோடு டிரெய்லர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளும்போது பிரேக் பிடித்தால் வண்டி மடங்கும். ரோட்டில் ஏறுமுன் இரண்டு பிரேக் பெடலையும் கொண்டியால் பூட்டிவிடுங்கள். வயலில் திருப்புவதற்காகத்தான் அவை தனித்தனியாக இருக்கின்றன. ரோட்டில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுழன்றுவிடும்.

பிடிஓ தண்டைப் பற்றியும் சொல்லாமல் விட மாட்டேன். 1998-ல் என்னிடம் வேலை செய்த பையன் ஒருவன், பம்புக்கு மாட்டி ஓடிக்கொண்டிருந்த தண்டின் பக்கம் குனிந்து போல்ட் விழுந்ததா என்று பார்த்தான். தோளில் துண்டு. தண்டின் மேல் மூடி இருக்கவில்லை, கிரீஸ் அடிக்கத் தொந்தரவாக இருக்கிறதென்று நானே கழற்றிப் போட்டிருந்தேன். துண்டின் நுனி தொட்டதைத்தான் பார்த்தேன், அடுத்த நொடி அவன் தரையில் கிடந்தான். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. கண் சிமிட்டுவதற்குள் துண்டு முழுக்கச் சுருட்டிவிட்டது. கழுத்தைச் சுற்றிப் போட்டிருக்காததால் உயிர் பிழைத்தான். வலது தோள் இன்றும் அவனுக்கு மேலே தூக்க வராது. அவன் கலியாணத்தில் தாலி கட்ட மாப்பிள்ளைத் தோழன் கையைத் தாங்கிப் பிடித்தான். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். வேட்டி, துண்டு, சேலை முந்தானை, துப்பட்டா, எதுவும் அந்தத் தண்டுப் பக்கம் போகக் கூடாது. புதுவண்டியோடும் கருவியோடும் வரும் பிளாஸ்டிக் மூடியை யார் சொன்னாலும் கழற்றாதீர்கள்.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. என் மருமகள் 24 ஹெச்பி வண்டியை ஓட்டுகிறாள். பெரிய வண்டியில் அவள் கிளட்ச்சை முழுக்க மிதிக்க இருக்கையின் நுனிக்கு வர வேண்டியிருந்தது. சின்ன வண்டியில் அந்தச் சிரமம் இல்லை. கருவியை மாட்டுவதும் அப்படித்தான். ஆறடி ரோட்டாவேட்டர் நானூறு கிலோவுக்கு மேல், ஒருவராக நின்று ஊசியைக் கோக்க முடியாது. மூன்றடிக் கருவியைக் கடப்பாரை வைத்து நகர்த்தி அவள் தனியாகவே மாட்டிவிடுகிறாள். நாளைக்கு ஓட்டப்போவது யாரோ அவர்களை ஏற்றி உட்கார வைத்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கணவர் மட்டும் கடைக்குப் போய் முடிவு செய்துவிட்டு வந்த வீடுகளில், அவர் வெளியூர் போகும் நாட்களில் வண்டி நின்றே கிடக்கிறது.

பணம் விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. விலைப் பட்டியல் கேட்கும்போது அது கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் என்பார்கள். விலையில் பாதி கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு உண்டு. பணம் கட்டுவதற்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கு நேரில் போய், உங்கள் வண்டிக்கு எவ்வளவு, இந்த வருட ஒதுக்கீடு மீதி இருக்கிறதா என்று கேளுங்கள். அதே துறை மணிக்கணக்கில் டிராக்டரை வாடகைக்கும் அனுப்புகிறது. மானியம் கிடைக்கிறதே என்று ஒரு படி பெரியதாக வாங்கியவர்கள் எத்தனையோ பேர். மானியம் ஒரு தடவை வரும், டீசல் ஒவ்வொரு நாளும் போகும். ரோட்டாவேட்டர் சுமையில் 45 ஹெச்பி மணிக்கு ஐந்து லிட்டர் அளவில் குடிக்கும், 24 ஹெச்பி அதில் பாதிக்குப் பக்கத்தில் நிற்கும்.

எந்தக் கம்பெனி என்று கேட்பீர்கள். உங்கள் ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் எந்த வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரோ, எதற்கு ஃபில்டரும் கிளட்ச் பிளேட்டும் அன்றைக்கே கிடைக்கிறதோ, அந்தக் கம்பெனி. பதம் இருக்கும் இரண்டு நாளில் வண்டி ஒரு சீலுக்காகக் காத்து நின்றால், சொந்த வண்டி வாங்கியதற்கே பொருள் இல்லை. கடையில் ஓட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். "எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, எங்கள் கருவியை மாட்டி, அரை ஏக்கர் ஓட்டிக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். ரோட்டாவேட்டர் மண்ணில் இறங்கும்போது இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கி உடனே பழையபடி நிமிர்ந்தால் வண்டியும் கருவியும் பொருந்துகின்றன. இறங்கிய சத்தம் அப்படியே தேம்பிக்கொண்டு, சைலன்சரில் கரும்புகை வந்துகொண்டே இருந்தால் கருவி பெரியது, அல்லது வண்டி சின்னது. பழைய வண்டி வாங்குபவர்கள் ஆர்சி புத்தகத்தில் வங்கி அடமானம் நீங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு பெரிய வண்டி வாங்கலாமா என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டார். எண்ணம் நல்லது. ஆனால் கூட்டுச் சொத்தாக வாங்கிய வண்டிக்கு ஆயில் மாற்ற ஆள் இருக்காது, பதம் வரும் நாளில் ஆறு பேரும் வந்து நிற்பார்கள். அதைவிட, ஒருவர் பெயரில் ஒருவர் பொறுப்பில் வாங்கி, மற்ற ஐந்து பேர் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் உங்களுக்கே வேலை தருகிறோம் என்று அவருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். யார் நிலம் முதல் நாள், யாருடையது மறுநாள் என்ற வரிசையையும் ஆடி மாதமே முடிவு செய்து, வருடா வருடம் சுழற்றுங்கள். எங்கள் பக்கத்து ஊரில் நான்கு குடும்பங்கள் இப்படித்தான் ஏழு வருடமாக ஓட்டுகிறார்கள், வாய்ச்சண்டை ஒன்றிரண்டைத் தவிரக் கெடுதல் இல்லை. நீங்கள் அப்படி ஏற்பாடு செய்துகொண்டால் என் வாடகை குறையும், அது எனக்குத் தெரியும். பரவாயில்லை. வந்தவர்கள் நிலத்தை விற்றுவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டம். இந்த ஐந்து வருடத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள். மூவரில் இருவர் கடைசியாக விற்றது டிராக்டரை, அதுவும் பாதி விலைக்கு.

வேப்பமரத்தடி வண்டிக்காரத் தம்பியிடம் பேசியிருக்கிறேன். அதை 40 ஏக்கர் தென்னைக்காரர் ஒருவருக்கு விற்க ஏற்பாடு நடக்கிறது. பாக்குத் தோப்புக்கு 24 ஹெச்பியில் என்னுடைய வண்டியையே ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள், ஓட்டிப் பாருங்கள், காசு வேண்டாம். வரும்போது ஒரு தாளில் மூன்றை எழுதிக்கொண்டு வாருங்கள்: உங்கள் இட்டேரியின் மிகக் குறுகலான இடம் எத்தனை அடி, மரத்துக்கு மரம் எத்தனை அடி, வண்டியை ஓட்டப்போவது யார். ஹெச்பியை அந்தத் தாளைப் பார்த்த பிறகு பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் ஊர் டிராக்டர்க்கார அண்ணன்,
கோபிசெட்டிபாளையம் வட்டாரம்